அரை ஏக்கர் சரிவில் மீளுருவாக்க விவசாயம்

நுவரெலியா மாவட்டத்து இராகலைப் பக்கம் அரை ஏக்கர் காணியைக் குத்தகைக்கு எடுத்து மரக்கறி செய்யும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "மீளுருவாக்க விவசாயம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். இது 2021இல் நம்மைப் படுத்திய சேதனப் பசளைக் கதைதானா, இல்லை வேறு ஏதாவதா? மண்ணுக்கும் சுற்றாடலுக்கும் உண்மையிலேயே நன்மை உண்டா? கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு போடுகிற நான் என்ன செய்யலாம்? காணி முன்பு தேயிலையாக இருந்தது. நல்ல சரிவு. குத்தகை 3 வருடம்."

தம்பி, நான் 22 வருடம் தேயிலைத் தோட்டங்களில் வெளிக்கள உத்தியோகத்தராக வேலை பார்த்தவன். இப்போது வெலிமடைப் பக்கம் முக்கால் ஏக்கரில் மரக்கறி செய்கிறேன். அதனால் இரண்டையும் வைத்துத்தான் பதில் சொல்ல முடியும். கொஞ்சம் நீளும், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் அந்த 2021 சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். அந்த வருடம் மே மாதம், இனிச் சேதனப் பசளை, அதாவது இயற்கை எரு மட்டும்தான் என்று சொல்லி, இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்தது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். இடையில் நம் ஆட்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும். ஏன் அப்படி ஆனது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும். 1,000 கிலோ தேயிலைத்தூள் தோட்டத்தை விட்டுப் போகும்போது அதோடு சுமார் 40 கிலோ நைதரசனும் போகிறது. சாதாரணக் கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான் இருக்கும். போனதை ஈடுகட்டவே 3 முதல் 4 தொன் கூட்டெரு வேண்டும். அதிலும் முதல் வருடத்தில் செடிக்குக் கிடைப்பது ஒரு பங்குதான். மிச்சம் மெதுவாகத்தான் இளகும். அவ்வளவு எருவை ஒரே வருடத்தில் எங்கே செய்வது, யார் மலைக்குச் சுமப்பது? பல வருடம் யூரியாவிலேயே நின்ற மண்ணில் அந்த வேலையைச் செய்ய உயிர்களும் போதவில்லை. ஊன்றுகோலைப் பிடுங்கிவிட்டு நடக்கச் சொன்னதுதான் 2021.

மீளுருவாக்க விவசாயம் மறுபக்கத்திலிருந்து தொடங்குகிறது. முதலில் மண்ணைத் தேற்று. மண் தேறத் தேறப் பசளைத் தேவை தானாகக் குறையும். குறைகிற அளவுக்கு மூட்டையைக் குறை. இரசாயனப் பசளையைத் தொட்டாலே தீட்டு என்று அது சொல்வதில்லை. இந்தப் பெயரை 1980களில் பரப்பியவர் அமெரிக்காவின் ராபர்ட் ரோடேல். மண்ணை வெறுமையாக விடாதே, தேவையில்லாமல் கிளறாதே, வருடம் முழுக்க ஏதாவது ஒரு வேர் மண்ணுக்குள் உயிரோடு இருக்கட்டும், ஒரே பயிரையே திரும்பத் திரும்பப் போடாதே, கால்நடையையும் சேர்த்துக்கொள். இவ்வளவுதான் அதன் அடிப்படை. பெயர் புதிதாக இருக்கலாம். கண்டிப் பக்கத்து வீட்டுத்தோட்டத்துக்குள் ஒருமுறை நுழைந்து பாருங்கள். மேலே பலாவும் தென்னையும் கமுகும், அதற்குக் கீழே கிராம்பும் சாதிக்காயும், மரத்தைப் பற்றி ஏறிய மிளகு, அடியில் கோப்பியும் இஞ்சியும், காலடியில் மொத்தை மொத்தையாகச் சருகு. எவ்வளவு மழை பெய்தாலும் அந்தத் தோட்டத்திலிருந்து வரும் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும்.

ஆனால் நம் மலைக்கு வரும்போது இந்த அடிப்படைகளை ஒரு வரிசையில் வைக்க வேண்டும் என்பது என் முடிவு. சமதரையில் எதிலிருந்து தொடங்கினாலும் பரவாயில்லை. சரிவில் முதல் வேலை, இருக்கிற மண்ணை இருக்கிற இடத்தில் நிறுத்துவது. எரு, நுண்ணுயிர், பயிர்ச்சுழற்சி எல்லாம் அதற்கு அப்புறம்தான். மண்ணை நிறுத்தாமல் எரு போடுவது, ஓட்டைச் சாக்கில் அரிசி கொட்டுகிற மாதிரி.

எவ்வளவு மண் போகிறது என்று கணக்குப் பார்ப்போம். உங்கள் அரை ஏக்கரில் ஒரு மில்லிமீற்றர், அதாவது ஒரு தடித்த அட்டைத் தாள் அளவு மேல்மண் கழுவிப்போனால் சுமார் 2,400 கிலோ. 50 கிலோ மூட்டையாகக் கட்டினால் 48 மூட்டை. ஒரு மில்லிமீற்றர் போனதைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. சரிவில் புதிதாகக் கொத்திவிட்ட நிலத்தில், ஐப்பசியில் இடியோடு கொட்டும் ஒரு மாலை மழைக்கே அது போய்விடும். போவதும் சாதாரண மண் இல்லை. நீங்கள் காசு கொடுத்து வாங்கிப் போட்ட பசளையும், கோழி எருவும், மட்கும் ஒட்டியிருக்கிற மேல்தோல் அது. அந்த மேல்தோல் ஓர் அங்குலம் ஊற நூற்றாண்டுக் கணக்கில் காலம் வேண்டும்.

இதை நானே ஒருமுறை செய்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு தேயிலை மலையில் கவ்வாத்து, அதாவது செடிகளைக் குட்டையாகக் கத்தரிக்கும் வேலை, முடிந்திருந்தது. புல் மண்டிவிட்டது என்று மேலே இருந்து சத்தம். நான் ஆட்களிடம் சுரண்டியைக் கொடுத்து, மலை முழுக்க ஒரு புல் இல்லாமல் வழித்தெடுக்கச் சொன்னேன். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது. பெரிய துரை (தோட்ட முகாமையாளர்) பாராட்டினார். அடுத்த வாரம் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் தேயிலைத் தூர்களில் வேர் வெளியே தெரிகிறது, கான் (வடிகால்) எல்லாம் செம்மண்ணால் நிரம்பி வழிகிறது, கீழே பாதையில் கணுக்கால் அளவு சேறு. வயதான ஓர் அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்தச் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஐயா, எங்க அப்பா காலத்துல இந்தத் தூரு எல்லாம் மண்ணுக்குள்ள இருந்துச்சு" என்றார். என்னைக் குறைசொல்வதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. அதனாலேயே அந்தச் சொல் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. பழைய விதைத் தேயிலை மலைகளில் தூர் ஒரு சாண் உயரத்தில் வேர்க்கால் ஊன்றி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். செடி எழும்பி வரவில்லை, மண் இறங்கிப் போயிருக்கிறது.

இந்த இறக்கம் நூற்றாண்டுக்கு மேலாக நடக்கிறது. கோப்பிக்காகக் காட்டை வெட்டிச் சாய்த்தார்கள். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை வைத்திருந்தார். அப்புறம் மலை முழுக்கத் தேயிலை. நம் முன்னோர் வெட்டி, நட்டு, சுரண்டி, கொத்திய மண்தான் இது. மலையில் ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்தோம் என்றால் தரை தெரிய வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்திலிருந்தே நமக்குள் பதிந்துபோயிருக்கிறது. அதை விட்டு வெளியே வருவதுதான் உண்மையில் கடினம், மற்றதெல்லாம் கற்றுக்கொள்ளலாம்.

இப்போது மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நல்ல மண் மாவு மாதிரி இருக்காது, கடலை அளவு சின்னச் சின்னக் குருணையாக இருக்கும். அந்தக் குருணைகளைப் பிடித்து வைத்திருப்பது வேரிலிருந்து கசியும் பசையும், பூஞ்சண நூல்களும், மண்புழு வெளியேற்றும் எச்சமும். குருணைக்கும் குருணைக்கும் இடையில் உள்ள சந்து வழியாகத்தான் தண்ணீர் கீழே இறங்குகிறது, காற்று உள்ளே போகிறது. மண்ணை அடிக்கடி கொத்தி வெயிலில் போட்டால் மட்கு எரிந்துபோகும், பூஞ்சண நூல் அறுந்துபோகும், பசை போய்விடும். அப்புறம் மழைத்துளி விழுந்தவுடன் குருணை உடைந்து, தூள் அந்தச் சந்துகளையெல்லாம் அடைத்து, மேலே ஒரு பொருக்கு கட்டுகிறது. தண்ணீர் உள்ளே போக வழியில்லாமல் சரிவில் ஓடுகிறது, போகும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு போகிறது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு கண்ணாடிப் போத்தலில் தண்ணீர் நிரப்புங்கள். வேலியோரம் மரத்தடியிலிருந்து, யாரும் கொத்தாத இடத்தில், கோழிமுட்டை அளவில் ஒரு மண்கட்டி எடுங்கள். உங்கள் கரட் பாத்தியிலிருந்து அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் நிழலில் நன்றாகக் காயவிட்டு, போத்தல் வாயில் கம்பிவலைத் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, கட்டி தண்ணீருக்குள் இருக்கும்படி வையுங்கள். நான் முதல்முறை செய்தபோது என் பாத்தி மண் இரண்டு நிமிடம்கூடத் தாங்கவில்லை. குமிழி விட்டுக்கொண்டே கரைந்து, போத்தல் முழுக்கப் பால்விட்ட தேத்தண்ணீர் நிறமாகிவிட்டது. வேலியோரத்துக் கட்டி மறுநாள் காலை வரை அப்படியே கிடந்தது, மெல்லிய வேர்கள் மட்டும் தாடி மாதிரி தண்ணீரில் தொங்கின. இரண்டு இடத்துக்கும் தூரம் பத்து அடிதான். பெய்வது ஒரே மழை, அடிப்படையில் மண்ணும் ஒன்றுதான். நாம் நடத்திய விதம்தான் வேறு.

இன்னொன்றும் செய்யுங்கள். பெரிய பால்மா டின் ஒன்றின் அடியையும் வெட்டிவிட்டு, இரண்டு அங்குலம் மண்ணுக்குள் அழுத்தி, ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றி, எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் செய்து கொப்பியில் எழுதி வையுங்கள். ஆய்வுகூடத்துக்குக் காசு கட்டாமல் உங்கள் மண் தேறுகிறதா என்று சொல்லும் கருவி இதுதான். (ஆனால் ஒரு தடவையாவது அமிலத்தன்மைக்கும் பொசுபரசுக்கும் மண் பரிசோதனை செய்யுங்கள். காரணம் கீழே வரும்.)

சரி, உங்கள் காணிக்கு வருவோம். எங்கே கான் வெட்டுவது, எங்கே புல் நடுவது என்பதைக் கண்மதிப்பில் செய்யாதீர்கள். சரிவில் கண் ஏமாற்றும். மட்டம் பார்க்க A எழுத்து மாதிரி ஒரு சட்டம் செய்யுங்கள்: உச்சியில் சேர்த்துக் கட்டிய, சம நீளத்தில் இரண்டு தடி, நடுவில் ஒரு குறுக்குத் தடி, உச்சியிலிருந்து நூலில் கட்டிய கல். அவ்வளவுதான். ஒரு காலை ஓரிடத்தில் வைத்து நூல் குறுக்குத் தடியைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறியுங்கள். இரண்டு குறிக்கும் நடுவில் நூல் நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம். அப்படியே காலை மாற்றி மாற்றி நடந்து, முளை அடித்துக்கொண்டே போனால் மட்டக்கோடு கிடைத்துவிடும். என் மகளும் நானும் ஒரு காலை நேரத்தில் முக்கால் ஏக்கரையும் குறித்து முடித்தோம்.

அந்தக் கோட்டில் கான் வெட்டும்போது நேராக ஓட விடாமல், இடைக்கிடையே ஒரு சின்ன மண் தடுப்பு விடுங்கள். தோட்டத்தில் பழைய கான்களில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஒவ்வொரு தடுப்பிலும் நின்று நிதானித்துப் போகும், அள்ளி வந்த மண்ணை அங்கேயே இறக்கிவிடும். மழை விட்டதும் அந்த மண்ணை வாரி மேலே உள்ள பாத்தியிலேயே போடுங்கள். கீழ்ப்பக்கம் போடாதீர்கள், அது மேலிருந்துதான் வந்தது. கானின் கரையில் ஒரு வரிசை புல் நடுங்கள். வெட்டிவேர் நல்லது. மானாப் புல் உங்கள் பக்கம் இலவசமாகவே கிடைக்கும். மாடு வைத்திருந்தால் குவாத்தமாலாப் புல். தேயிலையைப் பிடுங்கிவிட்டு மறுபடி நடுவதற்கு முன் மானாவோ குவாத்தமாலாவோ போட்டு ஒன்றரை, இரண்டு வருடம் மண்ணை ஆறவிட வேண்டும் என்று தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனமே சொல்லி வந்திருக்கிறது. அந்தப் புல்லின் வேர்ப்பொதி செய்யும் வேலையை எந்த மூட்டையும் செய்யாது. உங்கள் காணி தேயிலையாக இருந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் மண் நல்ல புளிப்பாக இருக்கும். தேயிலை pH அளவு 4.5 முதல் 5.5 வரையான புளிப்பு மண்ணில் நன்றாக வளரும். கோவாவும் (முட்டைக்கோசு) பீட்ரூட்டும் அதில் திணறும். பரிசோதனை பார்த்துப் புளிப்பைக் குறைக்கும் டொலமைட் போடுங்கள், ஊகத்தில் போடாதீர்கள்.

பொசுபரசுக்கு ஏன் பரிசோதனை? நுவரெலியா மரக்கறி நிலங்களில் பல வருடமாகக் கோழி எருவும் கலப்புப் பசளையும் சேர்த்துச் சேர்த்துக் கொட்டியதில் பொசுபரசு தேவைக்கு மேல் குவிந்திருக்கிறது. அது மண்துகளில் ஒட்டிக்கொண்டு கிடக்கும்; மண் போகும்போது ஓடைக்கும் குளத்துக்கும் போகும். தேங்கிய தண்ணீரில் பச்சைப் பாசி கிளம்புவதற்கு அதுவே தீனி. உங்கள் மண்ணிலும் அப்படி இருந்தால் அந்தப் பசளையை ஒரு போகத்துக்குக் குறைத்தாலும் விளைச்சல் அசையாது. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் பரிசோதனை அறிக்கையைக் காட்டிப் பேசுங்கள். முதல் வருடத்திலேயே காசு மிச்சமாவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான்.

மூடாக்கு, அதாவது மண்ணை இலையாலும் புல்லாலும் மூடி வைக்கிற விஷயத்தில் உங்களுக்கு உண்மையைச் சொல்லியாக வேண்டும். கரட்டும் உருளைக்கிழங்கும் இந்த முறைக்குக் கடினமான பயிர்கள். கரட் விதைக்கு மண் மிருதுவாக வேண்டும், மேலே தடித்த மூடாக்கு போட்டால் முளைக்காது. கிழங்கைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். கிளறாதே என்றால் எப்படி? முழுவதும் முடியாது. கிளறும் தடவைகளைக் குறைக்கலாம், கிளறிய மண் வெறுமையாகக் கிடக்கும் நாட்களைக் குறைக்கலாம். கரட் விதைத்தவுடன் பாத்தியில் மெல்லியதாக மானாப் புல்லைப் பரப்பி, முளை தெரிந்ததும் வரிசைக்கு நடுவில் ஒதுக்கிவிடுங்கள். உருளைக்கிழங்குக்கு மண் அணைத்த பிறகு சால்களுக்குள் வெட்டிய புல்லையும் இலையையும் திணியுங்கள். தண்ணீர் ஓடுவது அந்தச் சாலில்தான். சால் சரிவோடு கீழ்நோக்கி ஓடக்கூடாது, குறுக்கே போக வேண்டும். கீழ்நோக்கிச் சால் பிடித்தால் வேலை செய்ய இலகு, தண்ணீர் தேங்காது, கிழங்கு அழுகாது என்று சொல்வார்கள். உண்மைதான், அதோடு காணியும் கீழே போய்விடும். மிகக் குறைந்த சாய்வில் குறுக்கே பிடித்து, ஓரத்துக் கானில் விடுங்கள்.

லீக்ஸும் கோவாவும் போஞ்சியும் இந்த முறையை நன்றாக ஏற்கும். நாற்று நடுகிற பயிர் எதுவானாலும் மூடாக்குக்குள்ளேயே குழி போட்டு நடலாம். போஞ்சி முடிந்ததும் கொடியைப் பிடுங்காமல் அடியோடு வெட்டிவிடுங்கள். வேர் உள்ளேயே மட்கி, போன வழியெல்லாம் தண்ணீருக்குப் பாதையாகும். சுழற்சியையும் விளையாட்டாக எடுக்காதீர்கள். கோவா வேரில் முடிச்சு விழும் நோய், உருளைக்கிழங்கின் வாடல் நோய், நுவரெலியாவில் உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழு, எல்லாம் ஒரே குடும்பத்துப் பயிரைத் திரும்பத் திரும்பப் போடுவதால் மண்ணில் பெருகுகிறவை. கோவாவுக்குப் பின்னால் முள்ளங்கி போடுவது சுழற்சி ஆகாது, இரண்டும் ஒரே குடும்பம்.

மூடாக்குக்கு இலை எங்கே? தெருவோரமெல்லாம் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே காட்டுச் சூரியகாந்தி, அதுதான் நம் மலையின் பெரிய சொத்து. இலையில் நைதரசனும் பொட்டாசியமும் நிறைய. வெட்டிப் போட்டால் இரண்டு, மூன்று வாரத்தில் இளகிவிடும். பூ முற்றி விதை விழுவதற்கு முன் வெட்டுங்கள், இல்லாவிட்டால் காணிக்குள் குடியேறிவிடும். சீமைக்கிளுவையை எல்லோரும் புகழ்வார்கள், புகழ்வதில் தவறில்லை. 5 தொன் பச்சை இலை போட்டால் நான் முன்னே சொன்ன அந்த 40 கிலோ நைதரசன் ஏறக்குறைய வந்துவிடும். ஆனால் அது மாத்தளை, கண்டி மாதிரி வெப்பமான இடத்து மரம். இராகலைக் குளிரில் நட்டால் நாலு இலையோடு நிற்கும். உங்கள் உயரத்துக்கு, பழைய தோட்டங்களில் தேயிலைக்கு நிழலாக வைத்த முருக்கு மரம்தான் சரி. போத்து வெட்டி ஊன்றினாலே பிடிக்கும், வருடத்துக்கு இரண்டு தடவை கிளை கழிக்கலாம், காற்று நைதரசனை வேரில் பிடித்து வைக்கும். எந்தத் தோட்டத்தில் முருக்கையும் சவுக்கையும் விறகுக்கென்று வெட்டித் தீர்த்தார்களோ, அங்கே வறட்சியில் தேயிலை முதலில் கருகியதை நான் பார்த்திருக்கிறேன்.

தேயிலையைப் பற்றி இன்னும் ஒன்று. கவ்வாத்து வெட்டிய குச்சியும் இலையும் அந்த மலையிலேயே கிடந்தால், ஒரு சுற்றில் மண்ணுக்குக் கிடைக்கும் பெரிய தீனி அதுதான். ஆனால் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், அடுப்பு எரிய வேண்டும். ஆகவே குச்சி விறகாக வீட்டுக்குப் போகிறது. "விறகு எடுக்காதே" என்று உத்தரவு போட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன். அது அநியாயம். விறகுக்கு வேறு மரம் நட்டுக் கொடுத்துவிட்டு அப்புறம் சொல்ல வேண்டும். அதேபோல, சுரண்டியை விட்டுவிட்டுக் கெட்ட களையை மட்டும் கையால் பிடுங்கு, வல்லாரையையும் புளியாரையையும் தரையில் விடு என்றால், அந்த வேலைக்கு நேரம் அதிகம் பிடிக்கும். கிலோக் கணக்கில் கொழுந்து கேட்டுக்கொண்டு அதே கையிடம் இதையும் சும்மா எதிர்பார்க்கக்கூடாது. 2015இல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தடைசெய்தபோது நான் பார்த்த இடங்களில் சுரண்டிதான் திரும்பி வந்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மறுபடி அனுமதித்தார்கள். மருந்தும் வேண்டாம், சுரண்டியும் வேண்டாம் என்றால் அதற்கான கூலியை யாராவது கொடுத்தாக வேண்டும். மண்ணைக் காப்பாற்றும் வேலையும் வேலைதான், பெரும்பாலும் நம் பெண்கள் செய்யும் வேலை.

சுற்றாடலுக்கு என்ன நன்மை என்று கேட்டீர்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பீலித் தண்ணீர்தான், ஊற்றிலிருந்து குழாய் வைத்து நாம் பிடிக்கிற தண்ணீர். மழைத் தண்ணீர் மேலே ஓடிப்போகாமல் மண்ணுக்குள் இறங்கினால்தான், ஆடியிலும் ஆவணியிலும் ஊவாப் பக்கம் காற்று வறட்டும்போது ஊற்றுச் சுரக்கும். எங்கள் காணிக்குக் கீழே உள்ள பீலி முன்பு ஆவணியில் நூல் அளவுக்கு வந்துவிடும். மேலே நாலைந்து பேர் புல்வரிசை போட்டு ஆறு வருடம் ஆகிறது. இப்போது அந்த மாதத்திலும் குடம் நிறைகிறது. எங்கள் வேலை மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், மழையும் வருடத்துக்கு வருடம் மாறும். ஆனால் தண்ணீர் கலங்காமல் வருகிறது, அதை மழை செய்யாது.

கீழே போகப் போக இதன் அளவு பெரிது. மகாவலியும் களனியும் வளவையும் நம் மலைகளிலிருந்துதான் கிளம்புகின்றன. கொத்மலை, பொல்கொல்லை, விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை என்று அணைகள் வரிசையாக நிற்கின்றன. வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்குச் சரிவில் கழுவிய மண் உமா ஓயா வழியாக ரந்தம்பையில் போய்ப் படிகிறது. அணைக்குள் மண் படிந்தால் கீழே வயலுக்கும் மின்சாரத்துக்கும் தண்ணீர் குறைகிறது. நம் 48 மூட்டை மண்ணும் இப்படித்தான் கீழே போகிறது. மண் அரிப்பைத் தடுக்க 1951இலேயே மண் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். சட்டம் இருக்கிறது, சரிவில் கீழ்நோக்கிச் சாலும் இருக்கிறது.

கார்பனைப் பற்றியும் நிறையப் பேசுகிறார்கள். மட்கில் பாதிக்கு மேல் கார்பன்தான். ஆகவே மண்ணில் மட்கு கூடினால் காற்றிலிருந்து அந்த அளவு கார்பன் மண்ணுக்குள் வந்திருக்கிறது என்று அர்த்தம். உண்மை. ஆனால் அது மெதுவாகக் கூடும், ஒரு கட்டத்தில் நின்றுவிடும், நாலு தடவை ஆழக் கொத்தினால் திரும்பிப் போய்விடும். கார்பனுக்குக் காசு வரும் என்று யாராவது காகிதத்தோடு வந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். யூரியாவைத் தேவைக்கு மேல் போடாமல் விடுவதே சுற்றாடலுக்கு உடனடி உதவி. மிஞ்சும் நைதரசன் ஒரு பங்கு தண்ணீரோடு போகிறது, இன்னொரு பங்கு நைத்திரசு ஒட்சைட்டாகக் காற்றில் கலந்து பூமியைச் சூடாக்குகிறது.

மண்சரிவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. அப்படி ஆழத்திலிருந்து நகரும் மலையைப் புல்வரிசையும் மூடாக்கும் தடுக்காது. இன்னும் சொன்னால், நிலத்தில் வெடிப்பு தெரிகிற, மரங்கள் சாய்கிற, புதிதாக ஊற்றுக் கிளம்புகிற இடத்தில் தண்ணீரை உள்ளே இறக்கக்கூடாது, கான் வெட்டி வெளியே கொண்டுபோக வேண்டும். உங்கள் காணி எந்த வலயத்தில் இருக்கிறது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரைபடத்தில் பார்த்துவிட்டு அப்புறம் கான் வேலையைத் தொடங்குங்கள். நான் மேலே சொன்னதெல்லாம் நிலையான சரிவுக்கு.

விளைச்சல்? முதல் வருடம் கொஞ்சம் குறையலாம், புல்வரிசைக்கும் கானுக்கும் இடம் போகும். எனக்குக் குறைந்தது. இரண்டாம் வருடம் பழைய அளவுக்கு வந்தது. மூன்றாம் வருடத்திலிருந்து பசளைச் செலவு நன்றாக இறங்கியது, வறட்சியில் பக்கத்துக் காணி வாடும்போது என் லீக்ஸ் இரண்டு வாரம் கூடுதலாகத் தாங்கியது. ஆகவே முழு அரை ஏக்கரையும் ஒரே போகத்தில் மாற்றாதீர்கள். மேல் மூலையில் 20 பேர்ச்சஸில், அதாவது காணியின் கால் பங்கில், தொடங்குங்கள். தண்ணீர் அங்கிருந்துதான் கிளம்புகிறது, அங்கே நின்றால் கீழே வேலை பாதி குறையும்.

கடைசியாகக் குத்தகை. மூன்று வருடத்தில் மண் தேறி நிற்கும் நேரம், உரிமையாளர் காணியைத் திருப்பிக் கேட்பார், அல்லது குத்தகையைக் கூட்டுவார். இது நடக்கிற விஷயம். ஆகவே வேலையைத் தொடங்குவதற்கு முன்பே அவரிடம் போய்ப் பேசுங்கள். கான் வெட்டி, புல் வைத்து, மரம் ஊன்றித் தருகிறேன், பதிலுக்கு 6 வருடம் இதே குத்தகையில் எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். வாயால் சொன்னதை நம்பாமல் எழுதி வாங்குங்கள். அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் முருக்கு மரத்தை விட்டுவிட்டு, புல்வரிசை, குறுக்குச் சால், மூடாக்கு மூன்றை மட்டும் செய்யுங்கள். அவை அந்தந்தப் போகத்திலேயே பலன் தருபவை. வெட்டிவேரை முதலில் ஒரு மூலையில் நாற்றாகப் பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள், வேறு காணிக்குப் போனாலும் தூரைப் பிரித்துக் கையோடு கொண்டுபோகலாம். ஐப்பசி மழைக்கு முன் மட்டக்கோடு குறித்து முடிப்பது நல்லது. மட்டச் சட்டத்தின் தடிக்கு யூக்கலிப்டஸ் கிளை வேண்டாம், காய்ந்தால் வளையும். மூங்கில் எடுங்கள்.